மூணாவது ஆள் இல்லாத மத்தியானம்

ஓணான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டது. வைத்துவிட்டுத் தன் மூன்று விரல் கையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறது, பார்த்துக்கோ, ஒன்றும் ஒளிக்கவில்லை என்கிற மாதிரி. திரையின் அடியில் ரெண்டு கட்டம் மினுங்குகிறது. ஒன்றைத் தொட்டால் கூட்டணி, இன்னொன்றைத் தொட்டால் சண்டை. கௌசிகாவின் கட்டைவிரல் ரெண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது. இந்த ஆட்டம் யாரையும் அவசரப்படுத்தாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், அதுதான் இதில் இருக்கிற ஒரே கெட்ட குணம். கெடு வைத்து மிரட்டியிருந்தால் பட்டென்று எதையாவது அமுக்கிவிட்டுப் போயிருப்பாள். ஓணான் என்பது அவள் வைத்த பெயர். ஆட்டத்துக்காரன் அந்த இனத்துக்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. செதில் கழுத்தையும் எந்நேரமும் ஆடுகிற தலையையும் பார்த்த முதல் நாளே ஓணான் என்று முடிவாகிவிட்டது. வேறு கிரகத்திலிருந்து வந்து நம்முடைய நிலவைத் துளைத்து அடியில் இருக்கிற பனியை உறிஞ்சிக்கொண்டு போகிற கூட்டம். முன்னால் நிற்கிற இவன் அந்தக் கூட்டத்துக்கே தளபதி, பெயர் ஓராக். டோபினைக் கொன்றவன். டோபின் அவள் படையில் வைத்தியம் பார்க்கிறவன், குண்டடிபட்டு விழுந்தால் கட்டுப்போட்டுக்கொண்டே கடி ஜோக் சொல்லுவான், ஒரு ஜோக்குக்கும் சிரிப்பு வராது, ஆனால் அவன் செத்த அன்றைக்கு அவள் அழுதாள். அழுதாள் என்றால் நிஜமாகவே, மூக்கு ஒழுக. ஆட்டத்துக்கு அழுதேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த ஓராக்தான் இப்போது சேர்ந்துக்கலாம் என்கிறான். கௌசிகா ஃபோனை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கட்டிலில் அப்பா உட்கார்ந்து பைக்குள் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

அப்பா சென்னியப்பன் ரிக் வண்டியில் டிரில்லர். ஊர் ஊராகப் போய் தண்ணிக்குப் போர் போடுகிற வண்டி, இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது அதில் இருப்பார்கள். மழைக்காலத்தில் வேலை இருக்காது, வீட்டுக்கு வருவார், மழை ஓய்ந்ததும் மத்தியப் பிரதேசம் பக்கம் வண்டி கிளம்பிவிடும். இன்றைக்குச் சாயங்காலம் கிளம்புகிறது. பொங்கலுக்கு விட்டால் வருவார், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத்தான். வந்த நாளிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும் அவரும் அவளும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இதுதான் விஷயம், சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. அவர் இப்படியே வண்டி ஏறிப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை அவள் நேற்றிலிருந்து நினைக்காமல் இருக்கப் பார்க்கிறாள். பேசவில்லை என்றால் வீட்டில் பேச்சே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பேச்சுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அம்மா நடுவில் இருந்தாள். உன்ற மககிட்டச் சொல்லு, மோட்டார் ஓடிட்டே கெடக்குது என்பார் அப்பா. மகள் ரெண்டடி தள்ளித்தான் நிற்பாள், காதில் விழுந்தாயிற்று, இருந்தாலும் அசைய மாட்டாள். அம்மா திரும்பி, மோட்டார அமத்து கண்ணு, என்று ஒரு தடவை சொன்ன பிறகுதான் போவாள். அதுதான் முறை. அம்மா கோயிலுக்கோ கடைக்கோ போயிருந்தால் டிவி இருந்தது. நியூஸ் வாசிக்கிற பெண்ணைப் பார்த்து அப்பா, படிச்சவங்க எப்படிக் கணீர்னு பேசறாங்க பாரு, என்பார். யாரைப் பாரு என்கிறார் என்பது அந்தப் பெண்ணைத் தவிர எல்லாருக்கும் தெரியும். கௌசிகா பிரிட்ஜைத் திறந்து, இங்கிருக்கறவங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது, என்று தயிர்க்கிண்ணத்திடம் சொல்லுவாள். எதிர்வீட்டுக் கோழி ஒன்று வாசலுக்கு வரும், ரெண்டு பேரும் அதனிடம் நிறைய பேசியிருக்கிறார்கள், ஆடி நோம்பிக்கு அது குழம்பாகிவிட்டது. இன்றைக்கு அம்மாவும் இல்லை. சங்ககிரியில் சித்தி மகளுக்குச் சீர், போகாமல் இருக்க முடியாது, அப்பா கிளம்பறதுக்குள்ள வந்துருவேன், நேரத்துக்குச் சோத்தப் போடு, என்று பஸ் ஏறிவிட்டாள். மாதத்தில் ஒரு நாள் லைன் வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள், இன்றைக்கு அந்த நாள். கரண்ட் இல்லாததால் அவள் வேலைக்குப் போகிற ஜெராக்ஸ் கடையும் லீவு. டிவி கறுப்பாகக் கிடக்கிறது. பிரிட்ஜ் கூட முனகவில்லை. மேலே ஃபேன் மூன்று இறக்கையையும் விரித்துக்கொண்டு சும்மா நிற்கிறது. ஒரு ஹாலில் ரெண்டே பேர், நடுவில் பேசிக்கொள்ள ஒரு ஜீவன் கிடையாது. இந்த மாதிரி ஒரு நிலைமை இந்த வீட்டில் வந்ததே இல்லை.

ஓணான் இன்னும் கையை விரித்துக்கொண்டுதான் நிற்கிறது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அது கண்ணை ஒரு தடவை பக்கவாட்டில் மூடித் திறக்கும், அவ்வளவுதான், அதற்கு மேல் கெஞ்சாது. ஏன் சேர வருகிறாய் என்று கேட்கவே வேண்டாம், அவளுக்குத் தெரியும். கருந்திரள் வந்துவிட்டது. போன கட்டத்தில் வானத்தின் ஒரு ஓரத்தில் மை கொட்டின மாதிரி ஆரம்பித்து, மனுஷன் கப்பலையும் தின்றது, ஓணான் கப்பலையும் தின்றது. அதுதான் மூணாவது எதிரி. எல்லா விண்வெளி ஆட்டத்திலும் இதே கதைதான், அவள் ஆடின அத்தனையிலும். முதலில் வேற்றுக்கிரகத்துக்காரன் கெட்டவன், கண்டால் சுடு. பாதியில் அவனுக்கும் குஞ்சு குளுவான் இருக்கிறது என்று காட்டி உன் மனசைக் கொஞ்சம் பிசைவார்கள். அப்புறம் ரெண்டு பேரையும் விடப் பெரிய கெட்டவன் ஒருத்தன் வருவான், உடனே கைகோத்துக்கொள்ள வேண்டியது, பாட்டு மாறும். இதை எழுதுகிறவர்களுக்கு வேறு வழியே தெரியாதா? சும்மா, வேற எவனும் வராமல், ஒரு நாள் மத்தியானம் ரெண்டு பேரும் சண்டை போட்டுச் சலித்துப்போய், சரி போதும் விடு, என்று சேர்ந்துகொள்கிற மாதிரி ஒரு ஆட்டத்தை ஏன் ஒருத்தனும் செய்யவில்லை? செய்ய முடியாது போல. மூணாவது ஆள் இல்லாமல் எப்படிச் சேர்வது என்று அவர்கள் வீட்டிலும் யாருக்கும் தெரியாது போல. அதுவும் இந்தக் கூட்டணியில் என்ன மாறுகிறது என்று பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. ஓணான் தலைக்கு மேல் சிவப்பில் இருக்கிற பெயர் பச்சையாகும். அதே செதில், அதே பல், டோபினைக் குத்தின அதே நகம், பெயர் மட்டும் பச்சை. பழக்கத்தில் நீ அதைச் சுட்டாலும் குண்டு அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும், அதற்கு வலிக்காது. கூட்டாளி குண்டு கூட்டாளியைத் துளைக்காதாம். வீட்டில் அப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பச்சையான பிறகு ஓராக் மன்னிப்புக் கேட்பானா என்றால் அதுவும் கிடையாது. டோபின் பெயரையே எடுக்க மாட்டான், அவள் அடுத்த கட்டத்தின் வீடியோக்களைத் தேடிப் பார்த்துவிட்டாள், ஒருத்தனும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. டோபின் செத்த இடத்தில் இவனும் அவளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று கருந்திரளைச் சுடுவார்கள். ஆடினவன் எல்லாம் ஆகா என்று எழுதியிருக்கிறான். அப்போ டோபின்? அவனைப் பற்றி யார் பேசுவது? சண்டையைத் தொட்டால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். ரெண்டு கூட்டமும் அழியும், கடைசியில் கறுப்பு மட்டும் மிச்சம், அதற்கும் ஒரு பாட்டு உண்டு.

அப்பா பையின் ஜிப்பை இழுத்தார், பாதியில் சிக்கிக்கொண்டது. இந்த ஜிப்பு ஒண்ணு, என்றார். கௌசிகா காதைத் தீட்டிக்கொண்டாள், இது ஜிப்பிடம் சொன்னதா, ஜிப்பு வழியாக அவளிடம் சொன்னதா? சொல்ல முடியாது. இத்தனை நாளில் இந்த வீட்டில் எந்தப் பொருளையும் வெறும் பொருளாகப் பார்க்க முடியாமல் போய்விட்டது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டாள். பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். ஏன் நின்றாய் என்று கேட்காத ஆள் கிடையாது, எல்லாருக்கும் ஒரு காரணம் வேண்டும், டீச்சர் அடித்தாளா, பையன் எவனாவது பின்னால் வந்தானா, அரியர் விழுந்துவிடும் என்று பயமா. ஒரு மண்ணும் இல்லை. உட்கார முடியவில்லை. அந்த பெஞ்சில், அந்த வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே, கரும்பலகையில் எழுதுகிறதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் யாரோ அவள் தலைக்கு மூடி போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் பள்ளிக்கூட ஸ்டாப்பில் இறங்காமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள், பஸ் கடைசி ஸ்டாப் வரை போனது, திரும்பியது, அவளும் திரும்பினாள். மூச்சு வந்தது. அடுத்த நாளும் அப்படியே. பிறகு அம்மாவிடம் சொன்னாள். அம்மா அழுதாள், திட்டினாள், அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ வாயத் தொறக்காதே, என்றாள். அப்பா அப்போது எங்கேயோ காட்டுக்குள் போர் போட்டுக்கொண்டிருந்தார், டவர் கிடைக்கிற நேரத்தில் பேசுவார், நல்லா இருக்கறியா கண்ணு, இருக்கறேங்ப்பா, சோறு உண்டியா, உண்டேங்ப்பா, படிப்பு எப்படிப் போகுது, போகுதுங்ப்பா. போகுதுங்ப்பா என்று சொன்னாளே, அதை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அம்மா சொல்வதற்கு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், அதற்குள் பெரியப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி ஃபோன் வந்தது, கௌசிகாதான் எடுத்தாள். கத்துவார் என்று ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அலோ என்றாள். அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம், அம்மாகிட்டக் குடு, என்றார். அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது. கத்தியிருக்கலாம். ரெண்டு அறை கொடுத்தாலும் அத்தோடு தீர்ந்திருக்கும். அம்மாகிட்டக் குடு என்று சொன்னவர் இத்தனை மாதமாக எல்லாவற்றையும் அம்மாவிடமே கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் எழுந்து சோறு போட்டாள். நேரம் ஆகிவிட்டது, அம்மா சொன்ன வேலை, இதில் ரோஷம் பார்க்க ஒன்றுமில்லை. சோற்றில் சாம்பாரை ஊற்றி, பொரியலை ஓரத்தில் வைத்து, தட்டைக் கட்டிலுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். டம்ளரையும் சத்தமாக. தட்டுச் சத்தமும் ஒரு பேச்சுதான். அவர் கைகழுவி வந்து உட்கார்ந்து பிசைந்தார். அந்தக் கையை அவள் பார்த்தாள், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். நகத்துக்கடியில் எப்போதும் ஒரு சாம்பல் கோடு இருக்கும், ரெண்டு மாதம் வீட்டில் இருந்தும் போகாத கோடு. சின்னதில் ஒரு தடவை உள்ளூரிலேயே போர் போடுகிற இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். காது அடைக்கிற சத்தம், புகை மாதிரி கல்மாவு கிளம்பி வேப்பமரத்தையே வெள்ளையாக்கிவிட்டது. அப்பா குழிக்குப் பக்கத்தில் குனிந்து அந்த மாவை உள்ளங்கையில் ஏந்தித் தேய்த்துப் பார்த்தார், மூக்கருகில் கொண்டுபோனார், இன்னும் கொஞ்சம், என்று யாருக்கோ கையைக் காட்டினார். அப்புறம் கல்மாவு சேறாகி, சேறு தண்ணியாகி, வீட்டுக்காரம்மா ஓடிவந்து அவர் தலையில் தண்ணியைத் தெளித்து அழுதது. ஆட்டத்தில் ரெண்டாவது கட்டம் முழுக்க ஓணான்களின் துளைக்கோபுரங்களை வெடி வைத்துத் தகர்ப்பதுதான். அப்பாவின் வண்டிக்கு இருக்கிற அதே உயரம், அதே குலுக்கல், உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓணான் வேலை செய்துகொண்டிருக்கும். அவள் தள்ளி நின்று குறி பார்த்து வெடிப்பாள். கோபுரம் சாயும்போது அந்த உச்சி ஓணான் எங்கே விழுகிறது என்று எத்தனையோ தடவை தேடியிருக்கிறாள், ஆட்டம் அதைக் காட்டாது, புகையோடு மறைத்துவிடும். போன வருஷம் போர் போடுகிற சைட்டில் பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் மேல் இரும்புக் குழாய் உருண்டு விழுந்தது, அவர் ஊருக்குப் பெட்டியில் வந்தார். அந்த வீட்டில் அந்தப் பெண்பிள்ளைகள் கடைசியாக அப்பாவிடம் என்ன பேசியிருக்கும்? சார்ஜ் போட்டு வையுங்ப்பா, இப்படி ஏதாவது உப்புச் சப்பில்லாமல்தான் பேசியிருக்கும். உப்புச் சப்பில்லாமல் பேசியிருந்தால் கூடப் போதுமே. சீ, இதென்ன நினைப்பு, சினிமாவில் வருகிற மாதிரி. சாகிறதை நினைத்துப் பயந்து பேசினால் அதுவும் மூணாவது எதிரியைக் காட்டிச் சேர்த்துவைக்கிற வேலைதான். அப்படி எனக்கு வேண்டாம், என்று ஓராக்கின் விரித்த கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள், மனசுக்குள்.

அப்போது வாசலில் புல்லட் வந்து நின்றது. பெரியப்பா நாச்சிமுத்து, அப்பாவின் பெரியப்பா மகன். அவர் மகன் பிரகதீஷ்தான் அப்பா போகிற சைட்டுக்கு மேனேஜர், அவனுக்கு முறுக்கு டின் கொடுத்துவிட வந்திருந்தார். உண்ணு உண்ணு, எந்திரிக்காத, என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டின்னைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். பிரகதீஷுக்கு வயிறு சேர்வதில்லையாம், அந்த ஊர் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையாம். மகள் கோயமுத்தூரில் ரெண்டாவது வருஷம், காலேஜில் ஏதோ ரோபோ செய்து பரிசு வாங்கியிருக்கிறாளாம், அதைச் சொல்லும்போது அவர் கண் கௌசிகாவின் மடியில் இருந்த ஃபோன் மேல் வந்து உட்கார்ந்தது. என்ன அம்மிணி, உங்க ஆபீசுக்கு இன்னைக்கு லீவா, என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். கௌசிகா கரண்ட் இல்லைங் பெரியப்பா என்றாள். கரண்ட் இருந்தா மட்டும், என்றார். அதையெல்லாம் அவள் தாங்கிக்கொள்வாள், பழகிவிட்டது, ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட வேண்டியதுதான். ஆனால் அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"பூமிக்குள்ள எத்தன அடியில என்ன கெடக்குதுன்னு ஊருக்கெல்லாம் பாத்துச் சொல்ற ஆளு நீ," என்றார், அன்பாகச் சொல்கிற மாதிரி. "உன்ற ஊட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு நாந்தான் ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டியிருக்குது."

அப்பாவின் கை தட்டில் நின்றது. காது மடல் சிவந்தது. முறுக்கு டின்னையே பார்த்தார், அந்த டின்னிடம் கூட அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கௌசிகாவுக்குப் புரிந்துவிட்டது. இதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அவள் படிப்பை விட்டது பாதி, இந்த மனுஷன் வாயிலிருந்து அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது மீதி. காட்டுக்குள் கம்ப்ரசர் இரைச்சலில் அப்பா ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிற்க, உன்ற மக நின்னு ரெண்டு மாசமாச்சு, உனக்குத் தெரியாதா, என்று பெரியப்பா கேட்டிருப்பார். பக்கத்தில் வேலையாட்கள் நின்றிருப்பார்கள். என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவே இல்லை, வாய் தானாகத் திறந்தது.

"அப்பாவக் கேட்டுட்டுத்தானுங் பெரியப்பா நின்னேன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய பொய் என்று உறைத்தது. சொன்னது யார் தலையில் விழும் என்றும் உறைத்தது. இல்லை என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி எந்த மழைக்கும் இந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத் துணைக்கு பிரிட்ஜ்தான். சொல்லலாம், அவருக்கு உரிமை இருக்கிறது, பொய்யைத் திருத்துகிற உரிமை. அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெரியப்பா அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆமா," என்றார் அப்பா. "நாந்தான் நிக்கச் சொன்னேன்."

"நீயா?"

"கல்லு மேல கல்லா வருதுன்னா எதுக்குங்ண்ணா அங்கயே குத்திட்டு நிக்கோணும்? வண்டிய நகத்தி வேற எடத்துல போட வேண்டியதுதான்."

அன்னைக்கு நான் சொன்னப்ப ஒண்ணுஞ் சொல்லாம ஃபோன வெச்சுட்டியே என்று பெரியப்பா விடாமல் கேட்டார். உங்களுக்கெதுக்குங்ண்ணா சொல்லோணும், என்றார் அப்பா, அவ்வளவு மரியாதையாக, ஒரு பிசிறு இல்லாமல். கௌசிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். ரோபோ செய்யறதுக்கு கோயமுத்தூர்ல கரண்ட் இருக்குதுங்ளா பெரியப்பா, என்று கேட்டாள், கேட்டது தேவையில்லாததுதான், ஆனால் அப்பாவின் மீசை ஒரு ஓரத்தில் அசைந்ததை அவள் பார்த்தாள். பெரியப்பா தண்ணி கூட வாங்கிக் குடிக்கவில்லை. பிரகதீஷுகிட்ட டின்ன மறக்காமக் குடுத்துரு என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். புல்லட் சத்தம் தெருமுனை வரை கேட்டது, திரும்பினதும் தேய்ந்துபோய் நின்றது.

ஹாலில் மறுபடி ரெண்டு பேர். கௌசிகாவுக்கு ஜெயித்த படபடப்பு, அது அடங்க அடங்க வேறொன்று மேலே வந்தது. ஆட்டம் எல்லாம் இந்த இடத்தில்தான் முடியும். கருந்திரள் சிதறும், மனுஷனும் ஓணானும் ஒரே மலைமேல் நின்று விடிகிறதைப் பார்ப்பார்கள், ஆட்டம் செய்தவர்களின் பெயரெல்லாம் கீழேயிருந்து மேலே ஏறும். அடுத்த நாளை எவனும் காட்டினதில்லை. காட்டினால் என்ன இருக்கும்? மூணாவது எதிரி போய்விட்டான், ரெண்டு பேரும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பார்கள். டோபினைக் கொன்றது அப்படியேதான் இருக்கும், கோபுரத்தைத் தகர்த்ததும் அப்படியேதான் இருக்கும். ஒரு வேளை அடுத்த நாளே மறுபடி சுட ஆரம்பித்திருப்பார்களோ, அதனால்தான் காட்டுவதில்லையோ. நாந்தான் நிக்கச் சொன்னேன் என்றாரே, அது யாருக்காகச் சொன்னது? பெரியப்பாவுக்காகவா, அவளுக்காகவா? பெரியப்பா இல்லாத ஹாலில் அந்த வார்த்தைக்கு உயிர் இருக்கிறதா, இல்லை அதுவும் புல்லட்டோடு தெருமுனை திரும்பிவிட்டதா? ஃபோன் மடியில் கிடந்தது, திரை அணைந்திருந்தது. அணைந்த திரைக்குப் பின்னால் ஓணான் கையை விரித்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கும், நிற்கட்டும். அப்பா கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. இப்போது அவர் ஃபேனைப் பார்ப்பார், இல்லை டின்னைப் பார்ப்பார், பார்த்து ஏதாவது சொல்வார், நாமும் டம்ளரிடம் ஏதாவது சொல்லிவைப்போம், சாயங்காலம் வண்டி போய்விடும். அவள் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டாள்.

"எப்பக் கேட்ட நீ என்னைய?"

டம்ளரைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒன்றும் இல்லை. இத்தனை நாளில் அவர் கண் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"கேக்கலைங்ப்பா."

"கேட்டிருந்தா?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்." காய்ந்த பருக்கையை விரலிலிருந்து ஒன்றொன்றாக உதிர்த்தார். "அதக்கூடச் சொல்ல நீ உடலியே."

அவள் நாங்க பயந்துட்டோம் என்று சொல்லலாம், அம்மாதான் சொல்ல வேண்டாம்னாங்க என்று சொல்லலாம், அம்மாவை இழுத்தால் அம்மா மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.  

"இப்பக் கேளு," என்றார்.

"எதைங்ப்பா?"

"அன்னைக்குக் கேக்காதத."

விளையாடுகிறாரா என்று பார்த்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை. நின்று இத்தனை மாதம் ஆகிவிட்ட பிறகு, பள்ளிக்கூடத்தில் பெயரையே அடித்துவிட்ட பிறகு, இதைக் கேட்பது என்ன கூத்து? ஆனால் நிஜமாகவே பயம் வந்தது, பஸ்ஸில் இறங்காமல் உட்கார்ந்திருந்த நாளில் கூட வராத பயம். டம்ளரை ஸ்டூலில் வைத்தாள், சத்தம் வராமல்.

"அப்பா, எனக்கு அங்க உக்கார முடியலைங்ப்பா. நான் பள்ளிக்கூடத்துல இருந்து நின்னுக்கட்டுங்களா?"

அவர் தலையைக் குனிந்து, கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ தண்ணிக்குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம் சாமி," என்றார்.

"சரிங்ப்பா."

நின்றது நின்றதுதான், அது ரெண்டு பேருக்கும் தெரியும். அவர் தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

"ரசம் இருக்குதா?" என்று அவளைக் கேட்டார்.